கத்தி படாதவர்களின் பட்டியல்

ஜூலை 2, புதன்

மொச்சையே,

பிறந்தபோது நீ மொச்சைக்கொட்டை அளவுதான் இருந்தாய் என்று உன் அப்பா வைத்த பெயர். கோயில் பதிவேட்டில் ஷெர்லின். அதைக் கல்லில் வெட்டி நட்டாகிவிட்டது. எனக்கு நீ மொச்சைதான்.

இந்த நாட்குறிப்பு ஃப்ளோரன்ஸ் அக்கா கொடுத்தது. அவள் நடத்துகிற ரெபேக்காள் ஜெபக்குழு அச்சடித்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையில் ஒரு வசனம், அதன் கீழே "இன்றைய என் பாரம்" என்று போட்டு நாலு கோடு. நாலு கோட்டுக்கு மேல் யாருக்கும் பாரம் இருக்கக்கூடாது போல. நான் ஓரத்திலும் எழுதிக்கொள்கிறேன். அஞ்சாம் வகுப்புக்காரி கையெழுத்து, சிரிக்காதே.

"எழுதுளா ஞானப்பூ. மனசுல கெடக்கத எழுதி ஆண்டவர்ட்ட குடுத்துரு. ஒம்பது மாசமா கல்லு மாதிரி இருக்கியே" என்றாள்.

ஆண்டவருக்கு எழுத எனக்கு ஒன்றுமில்லை. அவருக்கு எல்லாம் தெரியும் என்று அவளே சொல்கிறாள். தெரிந்தவருக்கு எதற்குக் கடிதம்? உனக்கு எழுதுகிறேன்.

சேதி இதுதான். உன் தம்பி ரூபன் பெண்டாட்டி பெனிட்டாவுக்கு ஏழாம் மாதம். தாயில்லாத பிள்ளை, அதனால் பேறுகாலம் நம் வீட்டில்தான். ரூபன் லாரியோடு நாக்பூருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிறான். பெனிட்டா நல்ல பெண். தண்ணீர் குடிக்கவும் கண்ணை மூடி ஜெபிக்கிறாள். கண் திறப்பதற்குள் தம்ளரில் எறும்பு விழுந்துவிடும்.

அக்கா சும்மா நாட்குறிப்பு கொடுக்க வரவில்லை. "பெனிட்டா பேரப் பட்டியல்ல எழுதிக்கிடவா?" என்று கேட்கத்தான் வந்தாள். கத்தி படாமல் பெற்றவர்களின் பட்டியல். எகிப்தில் அடிமையாயிருந்த எபிரெயப் பெண்கள் மருத்துவச்சி வந்து சேருமுன்னே பெற்று எழுந்துவிடுவார்களாம். அந்தப் பலம் நமக்கும் உண்டென்று உரிமையோடு கேட்டு வாங்கவேண்டுமாம்.

"நம்ம குழுவுல பதினோரு பிள்ளைய பெத்தாச்சு. ஒருத்திக்கும் கத்தி படல பாத்துக்க" என்றாள்.

நீ பன்னிரண்டாவது. அவள் எண்ணிக்கையில் நீ வரவில்லை.

பெனிட்டா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "எழுதிக்கிடுங்க சித்தி" என்றாள். என்னைக் கேட்கவில்லை.


ஜூலை 3, வியாழன்

நான் சத்துணவு சமைக்கிற பள்ளிக்கூடத்தில் முட்டை நாள். அவித்ததில் மூன்று வெடித்துவிட்டது. தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வையில், முட்டையை நான்தான் இட்டேன் என்று நினைத்தாள் போல.


ஜூலை 6, ஞாயிறு

ஆராதனை முடிந்து பட்டியலைப் பார்த்தேன். பக்கத்து அறைச் சுவரில் பழுப்புத் தாளில் ஒட்டியிருக்கிறது. பெனிட்டாவின் பெயர் கடைசியில், புது மையில். அதற்கு மேலே ஒரு வரி முழுக்க வெள்ளை மை பூசி மறைத்திருக்கிறது. நல்லாத்தான் பூசியிருக்கிறார்கள். விரலை வைத்தேன், கொஞ்சம் மேடாக இருந்தது.

தேநீர் குடிக்கும்போது அக்கா எல்லோருக்கும் கேட்க, "ஆகஸ்ட் பத்து பெனிட்டா முன்சாட்சி" என்று அறிவித்தாள். மற்ற ஊர்களில் காரியம் நடந்தபின் சாட்சி சொல்வார்கள். நம் குழுவில் நடக்குமுன்பே மைக்கைப் பிடித்து, நடந்துவிட்டதாகச் சொல்லி நன்றி செலுத்தவேண்டும். ஆண்டவரை முன்கூட்டியே மாட்டிவிடுகிற ஏற்பாடு. அதன் பிறகு அவர் பின்வாங்க முடியாது. நாமும் முடியாது.

உன் காரியத்துக்குப் பிறகு அக்கா ஒன்பது நாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். தினம் மீன்குழம்பு. அவள் முழங்காலைப் பார்த்திருக்கிறாயா, ஜெபித்து ஜெபித்துக் காய்ப்பேறி ஒட்டகத்துக்கு இருப்பதுபோல இருக்கும். பொய்க்காரி இல்லை. குழம்பும் நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சல்.


ஜூலை 9, புதன்

மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பெனிட்டாவைக் கூட்டிப்போனேன். நம் ஊருக்கு வேறு ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லை. போன வருஷம் உன்னை அங்கிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஊருக்கே தெரியும். இருந்தாலும் போனேன்.

அங்கே புதன்தோறும் மாமியார் வகுப்பு வைக்கிறார்கள். பலகையில் "தாய் சேய் நலத் துணையாளர் பயிற்சி" என்றுதான் எழுதியிருக்கிறது. உட்கார்ந்திருந்தது ஒன்பது மாமியார். மூன்று வகுப்பு வந்தால்தான் மருமகள் அட்டையில் முத்திரை. லிடியா என்று தலைநரைத்த நர்ஸ் நடத்துகிறாள். முதலில் ஜெபம் செய்தாள். "ஆண்டவரே, இவங்களுக்குக் கேக்கக் காது குடுங்க. வீட்டுக்குப் போயி சும்மா இருக்க வாயும் குடுங்க. ஆமென்."

அவ்வளவுதான் ஜெபம். நம் குழுவில் இருமி முடிக்கவே இதைவிட நேரமாகும்.

"பிள்ள பொறந்ததும் முதல்ல என்ன குடுப்பீங்க?" என்று கேட்டாள்.

"சீனித்தண்ணி" என்றாள் ஒருத்தி. "தேன்" என்றாள் இன்னொருத்தி. "கழுதப்பாலு. எங்க வீட்டுக்காரர் அது குடிச்சுத்தான் வளந்தாரு" என்றாள் பருமனான ஒருத்தி. "அது பாத்தாலே தெரியும்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நான் வாய் தவறி, "ஜெப எண்ணெய் ஒரு சொட்டு" என்றேன்.

சிஸ்டர் எல்லாவற்றையும் பலகையில் எழுதி எல்லாவற்றையும் அடித்தாள். "தாயோட சீம்பாலு. வேற ஒண்ணும் கெடையாது. தண்ணிகூடக் கெடையாது."

"அப்பம் மாமியாளுக்கு ஒரு வேலையும் இல்லையா சிஸ்டர்?"

"இருக்கே. தாய்க்குச் சோறு போடுங்க. சூடா, வயிறு நெறைய. அவ தூங்கும்போது எழுப்பாதீங்க. அழுதான்னா, ஏன் அழுதன்னு கேக்காம பக்கத்துல இருங்க. செஞ்சு பாருங்க, எவ்வளவு பெரிய வேலைன்னு தெரியும்."

அப்புறம் ஆபத்து அடையாளங்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். கால் வீக்கம், முகம் வீக்கம், விடாத தலைவலி, கண்ணுக்குள் மின்னல். எனக்கு அந்த நேரம் பார்த்துத் தாகம் எடுத்தது. வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன். நாலு தம்ளர். திரும்பி வந்தபோது அந்தப் பாடம் முடிந்திருந்தது.


ஜூலை 12, சனி

பெனிட்டாவின் வளையல் கையில் இறுகிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழற்றினேன். "சதை போட்டிருக்கேன்ல அத்தே" என்று சிரித்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.


ஜூலை 16, புதன்

இரண்டாம் வகுப்பு. பெனிட்டாவின் கையில் பட்டை சுற்றிக் காற்றடித்து இரத்தக்கொதிப்பு பார்த்தார்கள். நூற்று நாற்பத்தாறு. சிஸ்டர் இன்னொரு தடவை சுற்றினாள். அதேதான். மாத்திரை கொடுத்து, இனி வாரம் தவறாமல் வரவேண்டும் என்றாள். பெனிட்டா, "நாங்க எபிரெயப் பெண்கள் மாதிரி சிஸ்டர். ஒண்ணும் செய்யாது" என்றாள்.

சிஸ்டர் பட்டையைச் சுருட்டியபடி, "அந்த வார்த்தைய யாரு யாருகிட்ட சொன்னது?" என்று கேட்டாள்.

பெனிட்டாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

"ஆம்பளப் பிள்ள பொறந்தா கொன்னுருன்னு மருத்துவச்சிகளுக்கு ராஜா உத்தரவு போட்டிருந்தான். அவங்க பயந்தவங்க. ராஜாவுக்கு இல்ல, ஆண்டவருக்கு. கொல்லல. ஏன் கொல்லலைன்னு ராஜா கூப்பிட்டுக் கேட்டான். என்ன சொல்லுவாங்க? நாங்க போய்ச் சேருமுன்னே பெத்துருதாங்க ராஜாவேன்னு சாக்குச் சொன்னாங்க. மருத்துவச்சிமாரு தலை தப்பச் சொன்ன சாக்கும்மா அது. நீங்க அத பிரசவத்துக்குச் சட்டமாக்கி வச்சிருக்கீங்க. அந்தக் கதையில ஆண்டவர் யாருக்கு வீடு கட்டிக் குடுத்தாருன்னு படிச்சிருக்கீங்களா? மருத்துவச்சிக்கு."

பஸ்ஸில் பெனிட்டா, அந்த நர்ஸுக்கு விசுவாசமில்லை என்று ஜன்னலிடம் சொன்னாள்.

முப்பது வருஷமாக அந்த வசனத்தைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். ராஜா கேட்டான் என்கிற பாதியை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு மருத்துவச்சிகள் உயிர்பிழைக்கச் சொன்ன சாக்கை நம்பி நான்...

அரிசி ஊறப்போட்டது ஞாபகம் வந்துவிட்டது.


ஜூலை 20, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு வந்து பெனிட்டாவின் வயிற்றில் எண்ணெய் பூசி ஜெபித்தாள். மாத்திரையை எடுத்துக் காட்டினேன். அவள் தின்னாதே என்று சொல்லவில்லை, அதைச் சொல்லவேண்டும். "தின்னு மக்களே. ஆனா நம்பிக்கைய மாத்திரைல வச்சிராத" என்றாள்.

அக்கா போனபின் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். வேரடியில் வெள்ளை வெள்ளையாக மூன்று கிடந்தது. நம்பிக்கையை மாத்திரையில் வைக்கக்கூடாது என்பதைப் பெனிட்டா, மாத்திரையை வாயில் வைக்கக்கூடாது என்று எடுத்துக்கொண்டாள். செம்பருத்திக்கு இப்போது இரத்தக்கொதிப்பு நன்றாகக் குறைந்திருக்கும்.

கேட்டதற்கு, "பட்டியல்ல இருக்கவ மாத்திர முழுங்குனா அது சந்தேகம்தான அத்தே?" என்றாள். அவ்வளவு சாதுவாகச் சொன்னாள். ஓங்கி அறையலாம் போல இருந்தது. அறையவில்லை. துவையல் அரைத்தேன்.


ஜூலை 23, புதன்

மூன்றாம் வகுப்பு. பெனிட்டா வரமாட்டேன் என்றுவிட்டாள். நான் மட்டும் போனேன். முத்திரை வாங்கத்தான் போனேன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் சிஸ்டர் என்னை நிற்கச் சொன்னாள். வருகைப் பதிவு அவள் கையில் இருந்தது.

"மூணு வாரமா நீங்க கையெழுத்துப் போடுறதப் பாக்கேன். இதே கையெழுத்து போன அக்டோபர்லயும் ஒரு தாள்ல போட்டீங்க, இல்லையாம்மா?"

நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் பால் கொடுக்கிற பெண்ணின் படம். நல்ல படம்.

"அன்னைக்கு நாந்தான் ட்யூட்டி. கையப் பிடிச்சு நிப்பாட்டியிருக்கணும். இன்னுங்கொஞ்சம் சத்தம் போட்டிருக்கணும்" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. அவள் எதற்குச் சத்தம் போடணும்? நான் என்ன செவிடா?

வரும்போது பஸ் இல்லை. நடந்தே வந்தேன்.

மேலே ஒன்பதாம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். உன்னை ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பவில்லை. சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போகிறேன் என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டு, நான்தான் உன்னைக் கூட்டிவந்தேன். அனுப்பிவிட்டார்கள் என்று ரூபனிடம் சொன்னேன். அவன் ஊர் பூராவும் சொன்னான். ஒன்பது மாதம் சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.


ஜூலை 24, வியாழன்

முட்டை ஒன்றும் உடையவில்லை.


ஆகஸ்ட் 1, வெள்ளி

பெனிட்டாவின் முகம் காலையில் இட்லி மாதிரி உப்பியிருக்கிறது. இரண்டு புதன் தவறிவிட்டது. ரூபனிடம் போனில் சொன்னேன், நீ அவளிடம் சொல், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல் என்று.

"எந்த ஆஸ்பத்திரிக்கும்மா? எங்கக்காவ வெளிய தள்ளுனானுவள்ல, அந்த ஆஸ்பத்திரிக்கா? அவனுவகிட்டயா எம்பொண்டாட்டிய அனுப்பச் சொல்லுதிய?"

"ரூபா, அது வந்து..." என்றேன்.

"அவ ஜெபத்துல இருக்கா. அவ போக்குல விடுங்க. அழாதியம்மா" என்று வைத்துவிட்டான்.

என் பொய் வீட்டில் நடமாட ஆரம்பித்துவிட்டது மொச்சை. பிள்ளை மாதிரி வளர்ந்து, மருமகளுக்குக் காவலாக வாசலில் நிற்கிறது. நான் பெற்றதில் அதுதான் நல்ல பலமாயிருக்கிறது.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

பெனிட்டாவிடம் இன்று சொல்லிவிடுவது என்று இருந்தேன். "ஏளா, உங்க மைனி விஷயத்துல ஒண்ணு நீ தெரிஞ்சுக்கணும்" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் அத்தே. ஃப்ளோரன்ஸ் சித்தி சொன்னாவ. யாரோ ஒருத்தர் மனசுல சந்தேகம் இருந்திருக்கு. அதான் மைனிக்கு அப்படி ஆயிப்போச்சு. அது யாருன்னு சித்தி சொல்லல." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க இப்படி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு சொல்லச் சொல்ல எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எம்பிள்ளைக்கும் அப்படி ஆகாண்டாம். தயவுசெஞ்சு என்ன விட்டுருங்க."

அடுப்படிக்குப் போனேன். சோறு வடித்தேன். கஞ்சி கையில் கொட்டிவிட்டது.


ஆகஸ்ட் 7, வியாழன்

தலைவலி என்று படுத்திருக்கிறாள். உபவாசத்தினால் என்கிறாள். முன்சாட்சிக்கு நீலச் சேலையைத் தேய்த்து வைத்திருக்கிறாள். இன்னும் மூன்று நாள்.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் வெயில் இறங்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆராதனை முடிந்ததும் குழு கூடியது. அக்கா மைக்கைத் தட்டிப் பார்த்து, "இப்போ நம்ம மகள் பெனிட்டா" என்றாள். பெனிட்டா எழுந்தாள். நானும் எழுந்து அவளுக்கு முன்னால் போனேன். பெண்டுகள், மாமியார் மருமகளைக் கைபிடித்துக் கூட்டிப்போகிறாள் என்று நினைத்து, "ஸ்தோத்திரம்" என்றார்கள். நான் நேரே போய் மைக்கை வாங்கிக்கொண்டேன். அக்கா சந்தோஷமாகக் கொடுத்தாள், பாவம்.

"எனக்கு முன்சாட்சி இல்ல. பின்சாட்சி இருக்கு" என்றேன்.

தொண்டையைச் செருமினேன். மைக் அதையும் சத்தமாகச் சொன்னது.

"போன செப்டம்பர்ல இதே மைக்குல நான் முன்சாட்சி சொன்னேன். எம்மவ கத்தி படாம பெத்துட்டா, ஸ்தோத்திரம்னு சொன்னேன். நீங்க எல்லாரும் கைதட்டுனிய. அக்டோபர் பதினாலு ஆஸ்பத்திரில டாக்டர், இன்னைக்கே ஆப்பரேசன் பண்ணி எடுக்கணும், இல்லன்னா ரெண்டு உசுருக்கும் ஆபத்துன்னாவ. எம்மவளுக்குக் காலு வீங்கியிருந்திச்சு. கண்ணுக்குள்ள மின்மினி பறக்குன்னு சொன்னா. அப்பம் எனக்கு வந்த முதல் நெனப்பு என்ன தெரியுமா? எம்பிள்ள உசுரு இல்ல. ஐயோ, மைக்குல சொல்லிட்டமேன்னு."

ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரி எம்மவள அனுப்பல. நான் பொய் சொன்னேன். கையெழுத்துப் போட்டு நான் கூட்டியாந்தேன். மூணாம் நாளு பகல்ல, சோறு வச்சுக் குடுத்துட்டு இருக்கும்போது வலிப்பு வந்துது. வண்டில போகையிலேயே ரெண்டும் போயிட்டு."

யாரோ மைக்கை அணைத்தார்கள். இருநூறு பிள்ளைகளைச் சோற்றுக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை இது. மைக் எனக்கு எதற்கு?

அக்காவின் முகம் வெளுத்துப்போயிற்று. "ஞானப்பூ, அது ஒருத்தர் மனசுல சந்தேகம்..." என்றாள்.

"நாந்தாங்கா சந்தேகப்பட்டேன். மூணு நாளும் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட்டும் வண்டி கூப்பிடல பாருங்க, அதுதான் பாவம். சந்தேகத்துக்கு மரியாத குடுத்திருந்தா எம்பிள்ள இருந்திருப்பா."

திரும்பிப் பார்த்தேன். பெனிட்டா நீலச் சேலையில் நின்றபடி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அத்தே" என்றாள். "எனக்கும் நேத்துலேருந்து மின்மினி பறக்கு. சாட்சி சொன்னதும் போயிரும்னு ஒருத்தருட்டயும் சொல்லல."

அதற்குப் பிறகு யார் என்ன செய்தார்கள் என்று தெரியாது. அக்கா செய்தது மட்டும் தெரியும். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, ஒட்டக முழங்காலோடு ஓடினாள். அவளே ஓட்டினாள். ஒரு வேகத்தடைக்கும் நிற்கவில்லை. ஆறு மைல் தூரம் வாய் திறந்து ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. அவள் வாய் மூடியிருந்து நான் பார்த்தது இன்றைக்குத்தான்.

நூற்று எழுபத்தெட்டு. சிஸ்டர் லிடியா எண்ணைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். தாளை நீட்டினாள். இது வேறு தாள், ஆப்பரேசனுக்குச் சம்மதம். பெனிட்டா தானே வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அது நல்லது. என் கையெழுத்துக்கு ராசியில்லை.

தியேட்டர் வாசலில் சிஸ்டர் பெனிட்டாவின் நெற்றியில் கைவைத்து, "ஆண்டவரே, நாங்க கைய நல்லாக் கழுவியாச்சு. இனி நீங்களும் வாங்க" என்றாள்.

ஒன்றே காலுக்குப் பெண்பிள்ளை. அழுதது. எனக்குக் கேட்டது.

அக்கா இன்னும் அந்தக் கடைசி பெஞ்சில் இருக்கிறாள். கொஞ்சம் முன்னால் என்னிடம் வந்து, "பட்டியல்லேருந்து பெனிட்டா பேர எடுத்துரணும், என்னளா?" என்று கேட்டாள். வழக்கத்தில் கேட்டாளா, வேறு பேச்சு தெரியாமல் கேட்டாளா, தெரியவில்லை.

"எடுக்காதியக்கா. கத்தி பட்டுது, உசுரோட இருக்கான்னு எழுதுங்க. அதுக்கு மேல பூசி வச்சிருக்கியளே, அதையும் சுரண்டிட்டு, கத்தி படல, செத்துட்டான்னு எழுதுங்க."

அவள் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள். வார்த்தை கூடிப்போயிற்று என்று எனக்கும் தெரிகிறது. தேநீர் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். குடித்தாளா என்று பார்க்கவில்லை.


ஆகஸ்ட் 12, செவ்வாய்

பிள்ளை ஒரு கிலோ எண்ணூற்று ஐம்பது. துணியில்லாமல் தாயின் நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக் கட்டிவிடுகிறார்கள். சூடு போகக்கூடாதாம். பெனிட்டாவுக்கு ஊசி இன்னும் ஓடுகிறது, அவளுக்கு முடியாதபோது யாராவது கட்டிக்கொள்ளவேண்டும். "மாமியாரே, வாங்க. இதுக்குத்தான் மூணு வகுப்பு" என்று சிஸ்டர் கூப்பிட்டாள். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஆண்பிள்ளைகள் வராந்தாவில் போகிறார்கள் வருகிறார்கள். ஐம்பத்தாறு வயசில் இதுவும் வாய்த்தது.

பிள்ளை என் நெஞ்சில் கிடந்து ஒருமுறை தும்மியது. இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தேன். முதுகு போய்விட்டது.


ஆகஸ்ட் 13, புதன்

ரூபன் பேசினான். கோயில் விஷயம் அவனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்.

"ஏம்மா எங்கிட்டயும் பொய் சொன்னிய?"

வைத்துவிட்டான். அதற்கப்புறம் பெனிட்டாவின் போனுக்குத்தான் பேசுகிறான். பிள்ளை எப்படி, பால் இறங்கிவிட்டதா என்று கேட்கிறான். அம்மா எப்படி என்று கேட்கவில்லை. கேட்கவேண்டாம்.


ஆகஸ்ட் 15, வெள்ளி

பால் இறங்கிவிட்டது. பால்சுறாப் புட்டும் பூண்டும் கொண்டுபோனேன். "சூடா இருக்கா?" என்று சிஸ்டர் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தாள். முத்திரை கொடுத்தபிறகும் பரீட்சை வைக்கிறாள்.


ஆகஸ்ட் 18, திங்கள்

மொச்சையே,

பெனிட்டா எட்டு நாளாக என்னோடு தேவைக்குத்தான் பேசினாள். தண்ணி, துணி, ஊசி. இன்று மத்தியானம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல் கேட்டாள்.

"அத்தே, அன்னைக்கு மைனி என்ன சொன்னாவ?"

"என்னைக்கு?"

"நீங்க கையெழுத்துப் போட்ட அன்னைக்கு. அவியளுக்கு வீட்டுக்கு வர இஷ்டமா? அவியள ஒருத்தரும் கேக்கலையா?"

பத்து மாதத்தில் இதை என்னிடம் கேட்டவர் யாருமில்லை. டாக்டர் சொன்னது, அக்கா சொன்னது, நான் சொன்னது என்றுதான் பேச்சு. உன்னைப் பற்றிய பேச்சில் நீ இல்லவே இல்லை.

நான் பெனிட்டாவிடம் நடந்ததைச் சொன்னேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன். நீ கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். சிஸ்டர் தாளை நீட்டினாள். நான் கையை நீட்டவில்லை. சத்தியமாக நீட்டவில்லை, அப்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. உன்னைப் பார்த்தேன். நீ ஒரு வார்த்தை, "இருப்போம்மா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால், அந்த மைக்கும் பட்டியலும் பாழாய்ப் போகட்டும் என்று இருந்துவிடுவேன் என்று நினைத்தேன். நீ என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாய். அப்புறம் சிஸ்டரின் பையிலிருந்து பேனாவை நீயே எடுத்து, மூடியைக் கழற்றி, என் கையில் வைத்தாய். "போடுங்கம்மா. போவோம்" என்றாய். சிரித்தாய்கூட.

"அப்பம் மைனிக்கு அவ்வளவு விசுவாசம்" என்றாள் பெனிட்டா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கே அது முழுசாகப் பிடிபடவில்லை என்று தெரிந்தது. பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டாள். நான் தலையணையை நகர்த்திக் கொடுத்தேன்.

மொச்சை, நீ சின்ன வயசிலேயே என் முகம் பார்த்துப் பசியில்லை என்று சொல்கிற பிள்ளை. அன்றைக்கு நீ ஆண்டவரை நம்பித்தான் பேனாவை எடுத்தாயா, இல்லை, ஊர் முன்னால் சொல்லிவிட்ட அம்மாவின் தலை குனியக்கூடாது என்று எடுத்தாயா?